தேனடையில் நெளிவது தேனீப் புழுவா, அந்துப் புழுவா?

இந்தியத் தேனீயின் புழுவும் மெழுகு அந்துப்பூச்சியின் புழுவும் வெள்ளையாகத்தான் இருக்கும். சந்தேகம் வந்தால் ஒரு குச்சியால் தொட்டுப் பாருங்கள். தேனீப் புழுவுக்குக் கால் இல்லை. அறைக்குள் பிறைபோல் சுருண்டு கிடக்கும், இடம் பெயராது. அந்துப் புழுவுக்குப் பழுப்புத் தலையும் கால்களும் உண்டு. தொட்டதும் அடைக்குள் விறுவிறுவென்று ஓடிவிடும். முழுதாக வளர்ந்தால் இரண்டரை செ.மீ. நீளம். போன வழியெல்லாம் நூலாம்படையும் மிளகுத்தூள் மாதிரி எச்சமும் கிடக்கும்.

புழு கண்ணில் படாவிட்டாலும் ஓர் அடையாளம் உண்டு. மூடியிருக்க வேண்டிய அறைகள் கோடு போட்டதுபோல் வரிசையாகத் திறந்து, உள்ளே கூட்டுப்புழுவின் வெள்ளைத் தலை தெரிந்தால் அடியில் அந்துப் புழு சுரங்கம் போகிறது என்று அர்த்தம்.

வளர்ந்த அந்துப்பூச்சி எதையும் தின்பதில்லை. இருட்டியபின் நுழைந்து இடுக்குகளில் முட்டையிடுவதோடு சரி. சேதமெல்லாம் புழுவால்தான். அதற்கும் வெறும் மெழுகு போதாது. தேனீப் புழுக்கள் உரித்த தோலும் மகரந்தமும் வேண்டும். அதனால்தான் பல தலைமுறை வளர்ந்து கறுத்த அடைக்கு முதலில் வரும். இத்தாலியத் தேனீபோல இந்தியத் தேனீ பிசின் வைத்து விரிசலை அடைப்பதில்லை. அந்த வேலை நம்முடையது.

கன்னியாகுமரிப் பக்கம் ரப்பர் மரத் தேன் பருவம் முடிந்து, ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தேனீக்குத் தீனி குறையும் பஞ்ச காலத்தில் கூட்டம் சுருங்கும். தேனீ மொய்க்காமல் வெறுமையாகக் கிடக்கும் அடைகளை உடனே எடுத்துவிடுங்கள். இந்த ஒன்றைச் செய்தாலே பாதி ஆபத்து விலகும். வாரம் ஒருமுறை அடிப்பலகையைச் சுரண்டுங்கள். சுரண்டியதைப் பெட்டியடியில் போடாமல் எரிக்கவும். அடையைத் தாங்கும் மரச்சட்டத்தின் மூலைகளில் மரத்தைக் குடைந்து ஒட்டியிருக்கும் அந்துப் புழுவின் வெள்ளைக் கூடுகளை நசுக்கவும். ஓரத்தில் மட்டும் புழு என்றால் அந்தப் பகுதியை வெட்டினால் போதும். பாதிக்கு மேல் பரவிய அடையைக் காப்பாற்ற முயலாமல் உருக்குங்கள். தாமதித்தால் கூட்டமே பெட்டியை விட்டுப் பறந்துவிடும்.

எடுத்து வைத்த நல்ல அடைகளைப் பாலித்தீன் பையில் கட்டி, மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் ஒரு நாள் முழுக்க வைத்தால் முட்டை உட்பட எல்லாம் சாகும். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காதீர்கள். குளிர்ந்த அடைமேல் நீர் கோத்துப் பூஞ்சணம் பிடிக்கும். கந்தகப் புகைக்கு முட்டை சாகாது, பத்து நாள் கழித்து மறுபடி போட வேண்டும். நாப்தலின் உருண்டை மட்டும் வேண்டவே வேண்டாம். அதன் வாடை மெழுகில் ஏறித் தேனுக்கும் போய்விடும்.