சிலோனா, செஷல்ஸா? நம் வட்டாரக் கிறிஸ்தவ இசை வானொலியின் வரலாற்றை எழுதும் முறை

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் ஒலித்த கிறிஸ்தவ இசை வானொலியின் வரலாற்றை எழுத முற்படுகிறவர், "நம்ம ரேடியோ" என்று இங்குள்ள பெரியவர்கள் உரிமையோடு சொல்லும் நிலையங்களின் ஒலிபரப்புக் கோபுரங்கள் கடலுக்கு அப்பால் நின்றவை என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். மத அமைப்புகளுக்குத் தனியார் பண்பலை உரிமம் வழங்குவதில்லை என்பது நம் நாட்டு விதி. ஆகவே இணைய வானொலி வருவதற்கு முந்தைய காலத்தைப் பொறுத்தவரை, நிலையத்தின் வரலாறு கேட்டவர்களின் வீடுகளில்தான் கிடக்கிறது.

தகவல்களைச் சேர்க்க நம் ஊர்க் கணக்குமுறையையே பின்பற்றலாம். நாள்வழியில் வருவதை வந்தபடியே பதிந்து, பின்னர் பேரேட்டில் நிலையம் வாரியாகப் பிரித்து எழுத வேண்டும். சொன்னவர் யார், சான்று என்ன என்பதை ஒவ்வொரு பதிவிலும் குறிக்காவிட்டால், மூன்றாம் மாதத்தில் எல்லாம் ஒன்றோடொன்று குழம்பிவிடும்.

பெரிய குழப்பம் பெயரில்தான் தொடங்கும். கேட்ட நிலையம் எதுவானாலும் ஆச்சிமார் "சிலோன்" என்றே சொல்வார்கள். இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவைக்கு இங்கிருந்த செல்வாக்கு அப்படி. ஆனால் ஃபீபா என்ற கிறிஸ்தவ ஒலிபரப்பு நிறுவனம் 1970 முதல் 2003 வரை ஒலிபரப்பியது இந்தியப் பெருங்கடலில் உள்ள செஷல்ஸ் தீவுகளிலிருந்து. காதில் விழும்போது இரண்டு பெயர்களும் நெருக்கமானவை. டிரான்ஸ் வேர்ல்டு ரேடியோ என்ற மற்றொரு கிறிஸ்தவ நிலையமோ இலங்கையின் புத்தளத்திலிருந்து 882 கிலோஹெர்ட்ஸ் மத்திய அலையில் வந்தது. கத்தோலிக்கர் வீடுகளில் பிலிப்பைன்ஸிலிருந்து 1969-இல் தொடங்கிய வெரித்தாஸ் வானொலியின் பெயரும் வரும். அதன் சிற்றலை ஒலிபரப்பு 2018-இல் நின்றது.

எனவே நேர்காணலில் "எந்த நிலையம்?" என்று கேட்பதை விட, "பெட்டியில் எத்தனை பேண்டு (அலைப் பிரிவு) இருந்தது?", "மாடியில் ஏரியல் கம்பி கட்டினீர்களா?", "பாட்டு அலைபோல ஏறி இறங்கியதா?" என்று கேட்பதே பயன் தரும். செஷல்ஸ் ஒலிபரப்பு, தொலைவிலிருந்து வரும்போது ஒலி ஏறி இறங்கும் சிற்றலையில் வந்தது. ஆதலால் மத்திய அலை மட்டுமே கொண்ட சிறு டிரான்சிஸ்டரில் அது கேட்டிருக்க இயலாது. புத்தளமோ காரைக்குடியிலிருந்து நேர்கோட்டில் சுமார் 250 கிலோமீட்டர்தான். இடையில் கடலும் இருப்பதால் மத்திய அலை நன்றாகவே வந்து சேரும். ஏற்ற இறக்கமின்றித் தெளிவாகக் கேட்டது என்பவர் பெரும்பாலும் இலங்கையைத்தான் சொல்கிறார். 1939-இல் தொடங்கிய திருச்சி வானொலியின் காலைப் பக்திப் பாடல்களையும் சிலர் இதே நினைவோடு கலந்துவிடுவார்கள். அதையும் தனியே பிரித்துக் கேட்க வேண்டும்.

நினைவை விட உறுதியானது காகிதம். நிலையத்துக்குக் கடிதம் எழுதியவர்கள் பெற்ற கியூஎஸ்எல் அட்டையில் (ஒலிபரப்பைக் கேட்டதை நிலையமே உறுதிசெய்து அனுப்பும் அட்டை) நாள், நேரம், அலைவரிசை ஆகியவை இருக்கும். அந்த நேரம் பெரும்பாலும் உலகப் பொது நேரமாக இருப்பதால், ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும், அட்டையில் 20.00 என்றிருந்தால் நமக்கு அது மறுநாள் அதிகாலை 1.30, எனவே தேதியே மாறிவிடும். கிடைத்த அலைவரிசையை 1947 முதல் ஆண்டுதோறும் வெளிவந்த உலக வானொலிக் கையேட்டின் அந்தந்த ஆண்டுப் பதிப்போடு ஒப்பிட்டால் நிலையம் உறுதியாகும். அஞ்சலகம் வழங்கிய பழைய வானொலி லைசென்ஸ் புத்தகம் இருந்தால் அதையும் படமெடுத்துக்கொள்ளலாம், ஏனெனில் அந்த வீட்டுக்குப் பெட்டி வந்த ஆண்டைத் தீர்மானிக்க அதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் துண்டறிக்கைகளையும் அழைப்பிதழ்களையும் கூட விடாமல் சேர்த்துவைத்தார். அவருடைய தொகுப்பு இப்போது சென்னை தரமணியில் உள்ளது. அச்சிட்ட சிறு காகிதம் எதையும் அற்பமென்று ஒதுக்கக் கூடாது என்பதற்கு நம் ஊரிலேயே முன்னோடி இருக்கிறார்.

வானொலியிலிருந்து பதிவுசெய்த கேசட் கிடைத்தால், ஆவலில் உடனே ஓடவிட வேண்டாம். நாடாவில் வெண்பூஞ்சை படிந்திருக்கிறதா, அழுத்தப் பஞ்சு உதிர்ந்திருக்கிறதா என்று பார்த்து, மேலே எதுவும் பதிவாகாதபடி முதுகுப்புறத் தாவல்களை உடைத்துவிட்டு, சுத்தம் செய்த கருவியில் ஒருமுறை ஓட்டி, சுருக்கப்படாத வேவ் கோப்பாக மாற்ற வேண்டும். இரைச்சலை நீக்கும் ஆசையை அடக்குவது நல்லது. பின்னணியில் குறுக்கிடும் மற்றொரு நிலையத்தின் குரலே சில சமயம் அலைவரிசையைக் காட்டிக்கொடுக்கும். பாடல்களும் காலத்தைச் சொல்லும். வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) கீர்த்தனை எந்த ஆண்டிலும் ஒலித்திருக்கலாம்; ஆனால் தமிழில் நடக்கும் கத்தோலிக்கத் திருப்பலி பதிவாகியிருந்தால், அது இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு (1962–65) முற்பட்டதாக இருக்க வாய்ப்பில்லை.

பங்கு இளைஞர்களோ சபையினரோ நடத்தும் இன்றைய இணைய வானொலிக்குச் சர்வர் கட்டண ரசீதுகளும் வாட்ஸ்அப் அறிவிப்புகளும் போதும். அவற்றை இப்போதே சேமிக்காவிட்டால், கைப்பேசி மாறும்போது போய்விடும்.

இருவர் சொன்ன ஆண்டுகள் முரண்பட்டால் இரண்டையும் எழுதி, எது ஏன் பொருத்தம் என்று ஒரு வரி சேர்க்கலாம். பெயரை வெளியிட இசைவைக் கையெழுத்தாகப் பெற்றுக்கொண்டு, கேசட்டையும் அட்டையையும் அந்தந்த வளவுக்கே (வீட்டுக்கே) திருப்பித் தரும்போது, மாற்றிய ஒலிக்கோப்பின் படி ஒன்றையும் பென்டிரைவில் சேர்த்துக் கொடுங்கள்.