டேர்ன் கேம்ல படை ஏன் களைக்குது, எப்ப பின்னுக்கு எடுக்கிறது (புதுசா விளையாடுறவைக்கு)

கிளிநொச்சியில டியூசன் முடிஞ்சு வாற பொடியள் கொஞ்சப்பேர் இப்ப போன்ல சுடுற கேமை விட்டுட்டு டேர்ன் டேர்னா விளையாடுற ஸ்ட்ரடஜி கேம் பக்கம் வந்திருக்கினம். நல்ல விசயம். டேட்டா தேவையில்லை, கரண்ட் போனாலும் லப்டொப் பற்றரி இருக்குமட்டும் ஓடும். ஆனா எல்லாரும் வந்து கேக்கிறது ஒண்டுதான், "அண்ணா, முதல் அஞ்சாறு டேர்ன் நல்லா அடிக்கிறன், பேந்து என்ர ஆக்கள் மடமடவெண்டு சாகினம், ஏன்?" ஏனெண்டா ஒருத்தரையும் இளைப்பாற விடாம எல்லாரையும் ஒரேயடியா முன்னுக்கு விட்டுட்டு நிக்கிறீங்கள்.

பழகிறதுக்கு பேட்டில் ஃபோர் வெஸ்னோத் எடுங்கோ. 2003 இல இருந்து வாற கேம், சும்மா இலவசம், பழைய மெசினிலயும் ஓடும். எங்கட பக்கத்தில வீட்டுப் பெரியாக்களுக்கு முன்னால ஆமி கேமைப் போட்டுக்கொண்டு இருக்கிறது சரியில்லை, அவையளுக்கு அது கேம் இல்லை. வெஸ்னோத்தில ஓர்க்கும் எல்ஃபும் (கற்பனை இனங்கள்) ஈட்டியும் அம்பும்தான், துவக்குச் சத்தமே இல்லை.

படி 1: எச்பியை (உயிர்ப்புள்ளியை) பாருங்கோ

ஒவ்வொரு ஆளுக்குப் பக்கத்திலயும் ஒரு சின்னக் கோடு நிக்கும், பச்சையில இருந்து மஞ்சளாகி சிவப்பாகும். கோட்டை மட்டும் நம்பாதேங்கோ, ஆளுக்கு மேல மவுஸைக் கொண்டுபோனா வலப்பக்கம் சரியான எண் வரும். ஸ்பியர்மன் எண்ட ஈட்டிக்காரனுக்கு சாதாரணமா 36 எச்பி. வெஸ்னோத்தில களைப்பெண்டு தனியா ஒரு எண் இல்லை, காயமும் களைப்பும் இந்த எச்பிக்குள்ளதான் அடங்கும்.

படி 2: எது எவ்வளவு ஆத்தும்

ஒரு டேர்ன் முழுக்க நகராம, அடிபடாம நிண்டா 2 எச்பி. ஹீலருக்கு (காயம் ஆத்திற ஆளுக்கு) பக்கத்து அறுகோணத்தில (தரையில இருக்கிற ஆறுபக்கக் கட்டத்தில) நிண்டா 4, பெரிய ஹீலரெண்டா 8. வரைபடத்தில இருக்கிற கிராமக் கட்டத்துக்குள்ள நிண்டா 8. இதில ஹீலரும் கிராமமும் ஒண்டோடொண்டு கூடாது, எது பெரிசோ அதுமட்டும்தான். ஆனா அந்த 2 எதோடயும் கூடும், அதை மறந்திடாதேங்கோ. எல்விஷ் ஷாமன் (எல்ஃப் ஹீலர்) மாதிரி ஆக்கள் பக்கத்தில நிக்கிறவையைத்தான் ஆத்துவினம், தங்களை ஆத்தமாட்டினம், அதால ஷாமனை முன்வரிசைக்குக் கொண்டுபோறது வீண்வேலை.

இப்ப ஒரு கணக்கு. ஸ்பியர்மனுக்கு 12 எச்பிதான் மிச்சம், 24 போட்டுது. வெறுமன நிண்டா நிரம்ப 12 டேர்ன், அதுக்குள்ள சண்டையே முடிஞ்சிடும். ஷாமனுக்குப் பக்கத்தில வந்து நிண்டா முதல் டேர்ன் 4, பிறகு நகராட்டி 6, 6 எண்டு அஞ்சு டேர்ன். கிராமத்துக்குள்ள போனா முதல் 8, பிறகு 10, பிறகு மிச்சம், மூண்டே டேர்ன்ல ஆள் ஃபுல்.

நஞ்சு பட்டவை வேற கதை. டேர்னுக்கு 8 எச்பி குறைஞ்சுகொண்டே போகும், சாகமாட்டினம் ஆனா 1 வரைக்கும் இறங்கும். கிராமத்துக்குப் போனா முதல் டேர்ன் நஞ்சு மட்டும்தான் இறங்கும், எச்பி ஏறாது. அதால நஞ்சு பட்ட உடனயே அனுப்புங்கோ.

படி 3: எப்ப எடுக்கிறது

இதிலதான் புது ஆக்கள் எல்லாரும் பிழைக்கிறது. கோடு சிவப்பாகுமட்டும் நிண்டு அடிக்கிறது, "இன்னும் ஒருக்கா அடிச்சா எதிரி செத்திடும்" எண்டு. என்ர கருத்து, பாதி எச்பி வந்தவுடன எடுங்கோ. 18 எச்பியோட வந்தவன் கிராமத்தில ரெண்டு டேர்ன்ல (8, 10) ஃபுல், 12 ஓட வந்தவனுக்கு மூண்டு. அதைவிட முக்கியம், 18 இருக்கிறவன் போற வழியில அம்பு ரெண்டு பட்டாலும் போய்ச் சேருவான், 12 இருக்கிறவனுக்கு அந்த உறுதி இல்லை. போற நேரமும் திரும்பி வாற நேரமும் கணக்கில வரும் எண்டதை ஒருத்தரும் யோசிக்கிறேல்லை.

ஒரு விலக்கு இருக்கு. லெவல் ஏறினா ஆள் அந்த நிமிசமே முழுசா ஆறிடும். அதால லெவல் ஏத்திற எக்ஸ்பி (அனுபவப்புள்ளி) கோடு நிரம்ப இன்னும் ஒரு அடிதான் இருக்கெண்டா காயத்தோடயே நிண்டு அடிக்க விடலாம், அது சூதுதான், ஆனா நல்ல சூது.

படி 4: எப்பிடி எடுக்கிறது

முதல்ல காயப்பட்டவனை நகர்த்துங்கோ, பிறகு அவன் விட்ட அதே இடத்துக்கு புது ஆளைக் கொண்டுவந்து அங்கயிருந்து அடிக்க விடுங்கோ. ஓடரை மாத்திச் செய்தா இடம் அடைபட்டு நிக்கும். லெவல் 1 அல்லது அதுக்கு மேல உள்ள எதிரிக்குப் பக்கத்து அறுகோணத்துக்குள்ள கால் வச்சா உங்கட நகர்வு அதோட முடிஞ்சிடும், அதால பக்கவாட்டில எதிரி வளைச்சு நிண்டா வெளியால வரவே ஏலாது. வளைக்க முதல் எடுக்கவேணும், அல்லாட்டி வளைச்சு நிக்கிற ஒருத்தனை முதல்ல அடிச்சு வழி திறக்கவேணும். இதுக்கெல்லாம் பின்வரிசையில ரெண்டு மூண்டு பேர் சும்மா நிக்கவேணும். காசு வீண் மாதிரித் தெரியும், இல்லை.

படி 5: இரவை ஓய்வுக்கு வையுங்கோ

வெஸ்னோத்தில ஒரு நாள் ஆறு டேர்ன்: விடியல், காலை, பின்னேரம், அந்தி, பிறகு இரவு ரெண்டு. ஸ்பியர்மன் மாதிரி ஆக்களுக்குப் பகல்ல அடி 25% கூட, இரவில 25% குறைவு, ஓர்க்குகளுக்கு அப்பிடியே தலைகீழ். அப்ப அந்தி டேர்ன்ல காயப்பட்டவையைக் கிராமத்துக்குள்ள விடுங்கோ. இரவு ரெண்டு டேர்னும் தொடங்கேக்க 8, 10, விடியலில இன்னொரு 10, மொத்தம் 28. அந்த 12 எச்பி ஸ்பியர்மன் விடியேக்க 36 ஓட நிப்பான், எதிரி அப்ப பலம் இறங்கி நிக்கும். டேர்ன் தொடங்கேக்க தலைக்கு மேல பச்சையா அந்த எண்கள் எழும்பிறதைப் பாக்கிறதே ஒரு சந்தோசம்.

கம்பெயினில (கட்டம் கட்டமாப் போற கதை ஆட்டத்தில) இன்னொண்டு, அடுத்த கட்டத்துக்குப் போகேக்க உயிரோட இருக்கிற எல்லாரும் முழுசா ஆறித்தான் வருவினம். அதால கடைசி ரெண்டு டேர்ன்ல ஒருத்தரையும் ஓய்வுக்கு அனுப்பத் தேவையில்லை, சாகாமப் பாத்தாக் காணும்.

மற்றக் கேமுகள்

சிவிலைசேஷன் 6 இல இடத்தைப் பொறுத்தது: எதிரி மண்ணில டேர்னுக்கு 5, ஆருக்கும் சொந்தமில்லாத மண்ணில 10, உங்கட மண்ணில 15, நகரத்துக்குள்ள 20. அந்த டேர்ன் முழுக்க நகரவும் கூடாது அடிக்கவும் கூடாது. 10 எச்பி குறைய ஒரு பலப்புள்ளி குறையும், அப்ப காயப்பட்ட படை சும்மா மெதுவாச் சாகிற படை.

எக்ஸ்கொம் 2 க்கு 2017 இல வந்த வார் ஒஃப் த சோசன் எக்ஸ்பான்சனில (கேமோட சேர்க்கிற மேலதிகப் பகுதியில) காயம் வேற, களைப்பு வேற. ஒரு கீறல் படாம வந்தவனும் மனத்திடம் இறங்கிக் களைச்சிருப்பான், அவனைத் திரும்ப அனுப்பலாம், ஆனா நடுச்சண்டையில பயந்துபோவான், கெட்ட பழக்கமும் ஒட்டும். அங்க ஆறு பேர் டீமுக்கு ஒரு டசின் பேரையாவது வளர்த்து வச்சிருங்கோ.

இதையெல்லாம் 1999 இலயே ஃபயர் எம்பிளம் த்ரேசியா 776 செய்திட்டுது. ஒவ்வொரு சண்டைக்கும் களைப்பு எண் ஏறும், அது அந்த ஆளின்ர மொத்த எச்பியை எட்டினா அடுத்த கட்டத்துக்கு அவர் வர ஏலாது, குந்தியிருக்கவேண்டியதுதான். கதாநாயகன் லீஃபுக்கு மட்டும் களைப்பே வராது, கதை எழுதினவை அவருக்கு நல்லாச் செய்திருக்கினம்.