வேகமானவனை முன்னால் விடாதீர்கள்

போன மாதம் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் சிலர் பெக்கோ ட்ரெயில் போகப் பை கட்டிக்கொண்டிருந்தார்கள். கண்டி ஹந்தானையில் தொடங்கி ஹட்டன், அப்புத்தளை, எல்ல என்று வளைந்து நுவரெலியாவில் முடிகிற பாதை. 22 கட்டங்கள், 300 கிலோமீட்டருக்கு மேல். பெரும்பாலும் வெள்ளைக்காரன் காலத்துத் தோட்டத்து ரோட்டுகள்தான். அதனாலேயே நம் பிள்ளைகளுக்கு ஓர் இளக்காரம். "நாம பொறந்த மலைதானே அண்ணே!"

நானும் அப்படிச் சொன்னவன்தான். அந்த இளக்காரத்தில் நடக்கிற பிழைகளைத்தான் கீழே எழுதுகிறேன். தண்ணீர் எடு, சப்பாத்தைப் பழக்கிக்கொள் என்பதையெல்லாம் இங்கே விட்டுவிடுகிறேன்.

மழை உறையை நம்புவது

உறை பையின் வெளிப்பக்கத்தைத்தான் மூடும். முதுகு வழியாக வடிகிற தண்ணீர் நேரே உடுப்புக்குப் போகும். பைக்குள்ளே பெரிய பொலித்தீன் பை ஒன்றை விரித்து, அதற்குள் அடுக்குங்கள்.

கூட்டம் உடைவது

இதைச் சொல்லத்தான் எழுதவே உட்கார்ந்தேன்.

எனக்கு இருபது வயது. அப்புத்தளைப் பக்கம் 11 பேர் நடந்தோம். முதல் ஆள் நான். அதில் அப்படியொரு பெருமை. எல்லாருடைய ரொட்டியும், இருந்த இரண்டு டோர்ச்சும் என் முதுகில். அரை மணிக்கொரு தரம் உட்கார்ந்து பின்னால் வருபவர்களுக்குக் காத்திருப்போம். கடைசியாக என் சித்தி மகன் மூச்சு வாங்க வந்து சேருவான். "சரி, எல்லாரும் வந்தாச்சு, கிளம்பு" என்று உடனே எழுந்துவிடுவோம். எங்களுக்குப் பத்து நிமிட ஓய்வு. அவனுக்கு ஒரு நிமிடம்கூட இல்லை. நாலாவது தடவை அவன் உட்காரவேயில்லை. ஐந்தாவது தடவை வரவேயில்லை.

அதற்குள் பனிமூட்டம் இறங்கிவிட்டது. தோட்டத்து ரோட்டின் குணம் உங்களுக்குத் தெரியும்: ஒவ்வொரு மலைக்கும் ஒரு கிளை பிரியும், பாதிக் கிளை கொழுந்து நிறுக்கிற மடுவத்தோடு நின்றுவிடும். அவனும் அவனோடு வந்த இன்னொருவனும் கீழ்க்கிளையில் இறங்கிவிட்டார்கள். போனில் சிக்னல் இல்லை. இருட்டிய பிறகு அவர்களிடம் வெளிச்சமும் இல்லை, சாப்பாடும் இல்லை. இரவு 9 மணிக்குத்தான் கண்டுபிடித்தோம். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் இருந்த ஓர் அக்கா தேத்தண்ணி கொடுத்து அடுப்படியில் உட்கார வைத்திருந்தார். மறுநாள் நடை போச்சு, லொறி வாடகையில் கைக்காசும் போச்சு. அவன் திட்டவில்லை. "ஒரு ரொட்டியாவது என்கிட்ட குடுத்திருக்கலாமே அண்ணே" என்று மட்டும் கேட்டான்.

இன்றைக்கும் எவனாவது "நான் முன்னால போய் இடம் பிடிக்கிறேன்" என்றால் எனக்குச் சுள்ளென்று வரும். போன மாதமும் ஒருவன் சொன்னான். சொன்னவனைப் பிடித்துக் கடைசியில் போட்டேன்.

மெதுவாக நடப்பவர்தான் முதலில் போக வேண்டும். கடைசி ஆள் யார் என்று புறப்படும்போதே பெயர் சொல்லித் தீர்மானியுங்கள். அவரிடம் ஒரு டோர்ச்சும் மருந்துப் பையும் இருக்கட்டும். ரோட்டு பிரிகிற இடத்தில் அவர் வந்து சேரும்வரை ஒருவரும் அசையக்கூடாது. பிந்தி வந்தவர் உட்கார்ந்த பிறகுதான் ஓய்வு நேரத்தை எண்ணத் தொடங்குங்கள். சாப்பாட்டை ஆளாளுக்குப் பிரித்துக் கொடுத்துவிடுங்கள். தோட்டத்தின் வரைபடத்தை முதல் நாளே போனில் இறக்கிவைத்தால் சிக்னல் இல்லாவிட்டாலும் உதவும். ஆனால் அது ஒரே போனில் இருந்தால், அந்தப் போனும் முன்னால் போய்விடும்.

அட்டை

காலில் ஏறும் அட்டைக்கு உப்பும் சவர்க்காரமும் போதும். கூச்சல் வேண்டாம்.

பாட்டுப்பெட்டி

வேண்டவே வேண்டாம். பாட்டுச் சத்தத்தில் நீங்கள் கலைத்த குளவி உங்களைத்தான் தேடி வரும் என்றில்லை. பக்கத்து நிரையில் கொழுந்து எடுப்பவரைக் கொட்டும். தோட்டங்களில் குளவிக்கொட்டில் உயிர்போனவர்கள் உண்டு.

பிந்திப் புறப்படுவது

ஒக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடிமழை வழக்கம். காலை 6 மணிக்கு நடையைத் தொடங்கினால் 2 மணிக்குள் ரோட்டுக்கு இறங்கிவிடலாம். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று இறங்கும் ஊர்க் கடையில் கேட்பதைவிட, முதல் நாளே பஸ் கொண்டக்டரிடம் கேட்டு வையுங்கள்.