ஏபிஎஸ் பெட்டி கீழே விழுந்தால்: ஓபன்ரேடியாஸில் வீழ்ச்சிச் சோதனை

கொழும்பு புறக்கோட்டை இலத்திரனியல் கடைகளில் கிடைக்கும் கறுப்பு ஏபிஎஸ் (ஒருவகைக் கடினப் பிளாஸ்டிக்) பெட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். சர்க்யூட் போர்டும் பற்றரியும் வைத்து மூடிய பின் திணிவு 200 கிராம், சுவர்த் தடிப்பு 2 மி.மீ. இது 1 மீற்றர் உயரத்திலிருந்து சீமெந்துத் தரையில் மூலைப்பட விழுந்தால் விரிசல் விடுமா? இதைப் பார்க்க ஓபன்ரேடியாஸ் போதும். பொருளைச் சிறு துண்டுகளாக (எலிமென்ட்) பிரித்து, மோதலைக் கணினியில் கணக்கிடும் மென்பொருள் இது. 2022இல் திறந்த மூலமாக வந்தது, காசு தேவையில்லை, இதே வேலைக்கான எல்எஸ்-டைனா மென்பொருளின் கோப்புகளையும் வாசிக்கும்.

முதலில் அலகுகள். மி.மீ., தொன், செக்கன் என்று வைத்துக்கொண்டால் விசை நியூற்றனிலும் தகைப்பு மெகாபாஸ்கலிலும் வரும். ஏபிஎஸ்ஸின் அடர்த்தி 1.05 × 10⁻⁹, யங்கின் மட்டு (விறைப்பின் அளவு) சுமார் 2200, இளகத் தொடங்கும், அதாவது நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் தகைப்பு சுமார் 40. அடர்த்தியை 1050 என்று போட்டாலும் மென்பொருள் தடுக்காது, விடைதான் கெட்டுப்போகும்.

விழும் பயணத்தைக் கணக்கிட வேண்டாம். அது 0.45 செக்கன், மோதலோ சில மில்லிசெக்கன்தான். √(2gh) தரும் 4.43 மீ/செ, அதாவது 4430 மி.மீ/செ வேகத்தைப் பெட்டியின் எல்லாப் பாகங்களுக்கும் ஆரம்ப வேகமாகக் கொடுத்து, தரைக்குச் சற்று மேலே நிறுத்துங்கள். தரையை விறைப்பான சுவராக எடுக்கலாம். புவியீர்ப்பு மையம் மோதும் மூலைக்கு நேர் மேலே இருக்கட்டும்.

இங்கே புதியவர்கள் அடிக்கடி சறுக்குகிறார்கள். மெல்லிய சுவர்களுக்குப் பயன்படும் தகடு போன்ற ஷெல் எலிமென்ட் வரைவது சுவரின் நடுப்பரப்பை. அந்த நடுப்பரப்பைத் தரையோடு ஒட்டி வைத்து, தொடுகை தடிப்பையும் கணக்கில் எடுத்தால், தரையிலிருந்து 1 மி.மீ. உள்ளே பெட்டி ஏற்கெனவே புதைந்திருப்பதாகும். முதல் படியிலேயே பெட்டி துள்ளிப் பறக்கும். ஆகவே நடுப்பரப்பைக் குறைந்தது 1.2 மி.மீ. உயரத்தில் வையுங்கள்.

மெஷ், அதாவது எலிமென்ட்களின் வலை, 2 மி.மீ. அளவில் போதும். ஏபிஎஸ்ஸில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 1450 மீற்றர் ஓடும். மென்பொருள் மோதலைச் சிறு சிறு நேரப்படிகளாகக் கணக்கிடும்; ஒலி ஓர் எலிமென்டைக் கடக்கும் நேரத்தை விட ஒரு நேரப்படி பெரிதாக இருக்க முடியாது. 2 மி.மீ.க்கு 1.4 மைக்ரோசெக்கன், 5 மில்லிசெக்கனுக்குச் சில ஆயிரம் படிகள். வளைவு ஓரத்தில் 0.1 மி.மீ. துண்டு ஒன்றே ஒன்று தப்பி நின்றாலும் படிகள் இருபது மடங்காகும். ஆகவே தேவையற்ற சிறு வளைவுகளை முன்னமே அழித்துவிடுங்கள். மூடி, உடல், பற்றரி ஆகியவற்றுக்கிடையே தொடுகை வரையறுக்க மறந்தால் ஒன்றுக்குள் ஒன்று ஊடுருவிப் போகும். உராய்வுக் குணகம் 0.2 வையுங்கள்.

ஓடி முடிந்ததும் வண்ணப் படத்துக்குப் போகாதீர்கள். சக்தி வரைபைத் திறவுங்கள். ஆரம்ப இயக்கசக்தி ½mv² படி 1962 நியூற்றன்-மி.மீ. இருக்க வேண்டும். குறைந்தால் பெரும்பாலும் பற்றரியின் திணிவைப் போடவில்லை. மொத்தச் சக்தி ஏறக்குறைய மாறாமல் இருக்க வேண்டும். ஹவர்கிளாஸ் சக்தி (எலிமென்ட்களின் போலி உருமாற்றத்தில் சேரும் சக்தி) அகச் சக்தியின் 5 சதவீதத்தைத் தாண்டினால் அந்த விடையை நம்ப வேண்டாம், எலிமென்ட் வகையை மாற்றுங்கள்.

அதன் பிறகு விடைகளைப் படமாகக் காட்டும் பராவியூ மென்பொருளில் தகைப்பைப் பாருங்கள். உடைவு மோதிய மூலையில் மட்டும் வராது. திருகாணி ஏறும் தூணின் அடியிலும் வரும். மெஷ்ஷை 1 மி.மீ. ஆக்கி மறுபடி ஓட்டுங்கள். உச்சத் தகைப்பு வெகுவாக மாறினால் மெஷ் இன்னும் போதவில்லை. தரவுத்தாளில் உள்ள 40 மெகாபாஸ்கல் மெதுவாக இழுத்துப் பெற்றது. வேகமான மோதலில் ஏபிஎஸ் அதைவிடக் கூடிய தகைப்பில்தான் இளகும், ஆனால் குறைந்த நீட்சியிலேயே உடையக்கூடும். முடிந்தால் விகார வீதத்துக்கு (உருமாறும் வேகத்துக்கு) ஏற்ப மாறும் தரவைப் போடுங்கள்.