சான்று அடிப்படையிலான சிகிச்சை கைவர: மேற்பயிற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மருத்துவ உளவியல் மாணவர் ஒருவரிடம் பேனிக் அட்டாக், அதாவது திடீரென்று வந்து தாக்கும் கடும் பயம், எப்படி உருவாகிறது என்று கேளுங்கள். உளவியலாளர் டேவிட் கிளார்க் 1986-இல் விளக்கிய அந்தச் சுழற்சியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவார்: உடலில் ஒரு சின்ன மாற்றம், அதை ஆபத்து என்று எடுத்துக்கொள்வது, அதனால் பயம், பயத்தால் இன்னும் கூடும் படபடப்பு. சரி, இப்போது அவர் நடத்திய அமர்வின் ஒலிப்பதிவைப் போட்டுக் கேளுங்கள். அந்தச் சுழற்சி எங்கேயும் தட்டுப்படாது. ஐம்பது நிமிடம் அன்பான பேச்சு ஓடியிருக்கும். ஆறுதல் இருக்கும். போகிற போக்கில் மூச்சுப்பயிற்சி ஒன்றும் சொல்லிக்கொடுத்திருப்பார். இருவரும் திருப்தியாக எழுந்து போயிருப்பார்கள். ஆய்வுகளில் பலன் தெரிந்த சிகிச்சைதான் நடந்திருக்காது.

இதைப் படிப்பில் உள்ள குறை என்று நான் நினைக்கவில்லை. லிஃப்ட்டுக்குப் பயப்படுகிறவர் படிக்கட்டில் ஏறிப்போவதுபோல, பயிற்சி மாணவரும் தனக்குப் படபடப்பு தருகிற இடங்களைச் சுற்றிக்கொண்டு போகிறார். சிகிச்சைக்கு வருபவரிடம் நாம் தேடிப் பிடிக்கிற அதே தவிர்ப்பு, நாற்காலியின் இந்தப் பக்கமும் உட்கார்ந்திருக்கிறது. நான் கவனித்தவரை, கீழே வரும் தவறுகளில் பெரும்பாலானவை அந்த வேரிலிருந்து முளைத்தவை.

பயிலரங்கோடு முடிந்தது என்று நினைப்பது

இரண்டு நாள் பயிலரங்கு, கையில் சான்றிதழ், மனம் நிறைய உற்சாகம். உற்சாகம் நிஜம்தான். திறமை வந்துவிட்டது என்ற எண்ணம்தான் ஏமாற்றுகிறது. மாறவேண்டும் என்ற விருப்பத்தை வந்தவரிடமிருந்தே பேச்சில் வெளிக்கொண்டுவரும் மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங் முறைக்கு அடித்தளமிட்ட வில்லியம் மில்லர், தன் பயிலரங்கையே சோதனைக்கு உட்படுத்திப் பார்த்தவர். 2001-இல் வெளியான அந்தச் சிறிய ஆய்வில், கலந்துகொண்டவர்கள் தாங்கள் நன்றாக முன்னேறிவிட்டதாக எழுதிக் கொடுத்தார்கள். அவர்களுடைய அமர்வுப் பதிவுகளைக் கேட்டால் மாற்றம் சொற்பம். எதிரே இருந்தவர்கள் பேசிய விதத்திலோ சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. பிறகு 2004-இல், 140 பணியாளர்களை வைத்து இன்னொரு ஆய்வு. பயிலரங்கோடு விடப்பட்டவர்கள் கற்றது சில மாதங்களில் தேய்ந்துபோனது. பதிவைக் கேட்டுக் கருத்துச் சொல்லவோ, தொடர்ந்து வழிகாட்டவோ ஆள் இருந்தவர்களிடம் அது தங்கியது.

நம்மை நாமே எடை போடுவதில் நாம் எவ்வளவு மோசம் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. 2012-இல் வெளியான ஓர் ஆய்வில் 129 மனநலப் பணியாளர்களிடம், சக பணியாளர்களோடு ஒப்பிட்டால் நீங்கள் எந்த இடத்தில் இருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். நான்கில் ஒருவர் தன்னை முதல் பத்து சதவீதத்தில் வைத்துக்கொண்டார். சராசரிக்குக் கீழே என்று சொன்னவர் ஒருவர்கூட இல்லை. கணக்கு உதைக்கிறது அல்லவா? அனுபவம் கூடினால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் அவ்வளவு உறுதியான நம்பிக்கை இல்லை. 170 சிகிச்சையாளர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 2016-இல் வெளியிட்ட ஆய்வில், ஆண்டுகள் கூடக் கூடச் சராசரியாகப் பலன் கூடவில்லை. மிகச் சிறிய அளவில் குறையவே செய்தது.

எக்ஸ்போஷரை இளக்கிவிடுவது

பயப்படுகிற ஒன்றைத் தவிர்க்காமல் நேருக்கு நேர் சந்திக்க வைப்பதுதான் எக்ஸ்போஷர். என்னைக் கேட்டால் அதிகம் பேசவேண்டிய தவறு இதுதான். ஓசிடி (விடாமல் துரத்தும் எண்ணங்கள், அவற்றைத் தணிக்கத் திரும்பத் திரும்பச் செய்யும் செயல்கள்) உள்ள ஒருவர் முதல்முறையாகக் கழிவறைக் கதவின் கைப்பிடியைத் தொடுகிறார். பக்கத்தில் நிற்கும் மாணவர் சொல்கிறார்: “தொட்டுட்டீங்களா? ரொம்ப நல்லது. ஒண்ணும் ஆகாது, நான் இருக்கேன். கஷ்டமா இருந்தா உடனே நிறுத்திடலாம்.”

கேட்க எவ்வளவு கனிவாக இருக்கிறது! ஆனால் ஒரே மூச்சில் மூன்று இடறல்கள். “ஒண்ணும் ஆகாது” என்ற உறுதிமொழியைத்தான் அவர் வீட்டில் எல்லோரிடமும் நாளுக்கு இருபது தடவை கேட்டு வாங்கிக்கொண்டிருக்கிறார். இப்போது சிகிச்சையாளரும் அந்த வரிசையில் சேர்ந்தாகிவிட்டது. “நான் இருக்கேன்” என்றதும், ஆபத்து வராததற்குக் காரணம் நீங்கள் பக்கத்தில் இருந்தது என்று அவர் மனம் குறித்துக்கொள்ளும். மூன்றாவது கொஞ்சம் நுட்பமானது. எப்போது வேண்டுமானாலும் நிறுத்தும் உரிமை அவருக்கு உண்டு, அதில் மாற்றுக்கருத்தே இல்லை. ஆனால் அதைத் தொடங்கும் முன்பே பேசி முடித்திருக்க வேண்டும். பதற்றம் உச்சியில் இருக்கும் நேரத்தில் வாசலைத் திறந்து காட்டினால் அது அழைப்பாகிவிடும். அவர் ஓடுவார், பதற்றம் இறங்கும், ஓடியதால்தான் தப்பித்தோம் என்ற பழைய பாடம் இன்னொரு முறை அச்சாகும்.

இன்னொரு பழக்கம், பதற்ற எண்ணையே வெறித்துக்கொண்டிருப்பது. பூஜ்யத்திலிருந்து நூறு வரை எவ்வளவு, இப்போது எவ்வளவு, இறங்கியதா என்று இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கேட்பது. எட்னா ஃபோவாவும் மைக்கேல் கோசாக்கும் 1986-இல் எழுதிய விளக்கத்தில் பயம் அமர்வுக்குள் இறங்குவதற்கு முக்கிய இடம் இருந்தது. மிஷெல் கிராஸ்கேயும் குழுவினரும் 2014-இல் முன்வைத்த பார்வையில் கவனம் வேறு பக்கம் திரும்பியது: என்ன நடக்கும் என்று அவர் எதிர்பார்த்தார், உண்மையில் என்ன நடந்தது, இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் பாடம். ஆகவே தொடங்குமுன் “கைகழுவாமல் ஒரு மணிநேரம் இருந்தால் என்ன ஆகும் என்று நினைக்கிறீர்கள்?” என்று கேட்டு, அவர் சொல்வதை அவர் வார்த்தையிலேயே எழுதி வையுங்கள். முடிந்ததும் அந்தத் தாளை எடுத்துப் படித்துக்காட்டுங்கள். பதற்றம் நாற்பதில் நின்றாலும் பாடம் நடந்திருக்கும்.

தெரிந்தும் ஏன் இளக்குகிறோம்? எதிரே ஒருவர் நடுங்குவதைப் பார்க்க நமக்குத் தாங்கவில்லை. இதற்கு நான் கண்ட மருந்து ஒன்றுதான்: முதலில் நீங்கள் செய்யுங்கள். மேற்பார்வைக் குழுவில் எல்லோருமாக ஒரு நிமிடம் வேகமாக மூச்சுவிட்டுப் பாருங்கள், சுழல் நாற்காலியில் சுற்றுங்கள், கழிவறைக் கைப்பிடியைத் தொட்டுவிட்டுக் கைகழுவாமல் அடுத்த கலந்துரையாடலில் உட்காருங்கள். தலை கிறுகிறுத்து, கை கூசி, அப்புறம் அது பாட்டுக்கு அடங்குவதை உங்கள் உடம்பில் பார்த்துவிட்டால், அடுத்த அமர்வில் குரல் தானாகவே மாறும்.

கேள்வி குறுக்கு விசாரணை ஆவது

வந்தவரே யோசித்து விடை காணும்படி கேட்கும் சாக்ரட்டீஸ் பாணிக் கேள்வி என்று சொல்லிக்கொடுத்ததும் பல மாணவர்களுக்குள் ஒரு வக்கீல் எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். “நான் எதுக்கும் லாயக்கில்லை” என்கிறார் வந்தவர். “அதற்கு ஆதாரம் என்ன? போன மாதம் பதவி உயர்வு கிடைத்ததே, அது எப்படி?” என்று மடக்குகிறார் மாணவர். வந்தவர் “ஆமாம், நீங்கள் சொல்வது சரிதான்” என்று தலையாட்டுகிறார். வாதத்தில் ஜெயித்தாகிவிட்டது. அடுத்த வாரம் அதே எண்ணத்தோடு, கூடவே கொஞ்சம் குற்றவுணர்வோடும் அவர் திரும்பி வருவார்.

கிறிஸ்டின் படெஸ்கி 1993-இல் இதைத்தான் கேட்டார்: நாம் செய்வது மனதை மாற்றுவதா, கண்டுபிடிக்க வழிகாட்டுவதா? பதில் முன்கூட்டியே உங்களுக்குத் தெரிந்த கேள்வி, பெரும்பாலும் நல்ல கேள்வி இல்லை. “லாயக்கில்லை என்று கடைசியாக எப்போது தோன்றியது? அந்த நிமிடத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது?” என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். மௌனம் பத்து நொடி நீடித்தால் நமக்குத்தான் பொறுக்காது, அவர் யோசித்துக்கொண்டிருப்பார்.

கையேட்டைக் கட்டிக்கொள்வதும் காற்றில் விடுவதும்

முதல் ஆறு மாதம் மாணவர்கள் சிகிச்சைக் கையேட்டை வரிக்கு வரி ஒப்பிக்கிறார்கள். வந்தவர் நேற்று இரவு நடந்த சண்டையைச் சொல்லி அழ, இவர் “இன்றைய தலைப்பு எண்ணப் பதிவேடு” என்று, எண்ணங்களை எழுதிச் சோதிக்கும் தாளை நீட்டுகிறார். அடுத்த ஆறு மாதத்தில் ஊசல் எதிர்ப்பக்கம் போய்விடும். இவருக்கு இது பொருந்தாது, இவர் கதை வேறு என்று சொல்லி நாலு சிகிச்சையிலிருந்து நாலு துண்டு எடுத்துக் கலந்து வைப்பார்கள். இரண்டாவதுதான் எனக்கு அதிகக் கவலை தருவது, ஏனென்றால் அது முதிர்ச்சி மாதிரித் தெரியும். உளவியலாளர் பால் மீல் 1954-லேயே ஒரு உதாரணம் சொன்னார். ஒருவர் இன்று சினிமாவுக்குப் போவார் என்று சூத்திரம் கணிக்கிறது; அவருக்கு இப்போதுதான் கால் முறிந்தது என்று தெரிந்தால் சூத்திரத்தை ஒதுக்கலாம். நாமோ வருகிறவர் எல்லோருக்கும் கால் முறிந்திருப்பதாகவே பார்க்கிறோம். இப்படி மெல்ல விலகிப் போவதை க்ளென் வாலர் 2009-இல் சிகிச்சையாளர் நழுவல் என்று எழுதினார். பதற்றம் தரும் பகுதிகள்தான் முதலில் நழுவும் என்பதை நானும் பார்த்திருக்கிறேன். எக்ஸ்போஷர் போகும், மூச்சுப்பயிற்சி மட்டும் மிஞ்சும்.

சான்று என்ற சொல்லைக் கையேடு என்று மட்டும் புரிந்துகொள்வதும் பிழை. அமெரிக்க உளவியல் சங்கம் 2005-இல் ஏற்ற வரையறையில் மூன்று உண்டு: கிடைக்கும் சிறந்த ஆய்வு, சிகிச்சையாளரின் தேர்ச்சி, வருபவரின் இயல்பு, பண்பாடு, விருப்பம். மூன்றில் ஒன்றைக் காட்டி மற்ற இரண்டைத் தள்ளிவிட முடியாது. மாற்றம் செய்யலாம், ஆனால் ஏன் செய்கிறோம் என்பதைக் கேஸ் ஃபார்முலேஷனிலிருந்து (இவருடைய சிக்கல் எப்படி உருவாகி நீடிக்கிறது என்ற நம் விளக்கம்) ஒரு வாக்கியத்தில் சொல்ல முடியவேண்டும். சொல்ல வரவில்லையென்றால் அது நழுவல்.

எண்களை வாங்கிக் கோப்பில் வைப்பது

மனச்சோர்வை ஒன்பது கேள்விகளால் அளக்கும் பிஹெச்கியூ-9 தாளை நிரப்பச் சொல்கிறோம், கூட்டிப் போடுகிறோம், கோப்பில் செருகுகிறோம். இந்த வாரம் 27-க்கு 19; போன வாரமும் 19, அதற்கு முந்தின வாரமும் 19. அமர்வில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்கே தெரியும் அவர் எப்படி இருக்கிறார் என்று, எதற்கு எண் என்பார்கள். 2005-இல் வந்த ஆய்வு ஒன்றில் 550 பேரின் போக்கைச் சிகிச்சையாளர்களிடம் கணிக்கச் சொன்னார்கள். மூன்று பேர் மோசமாவார்கள் என்றார்கள். மோசமானவர்கள் 40 பேர். அமர்வின் முதல் ஐந்து நிமிடத்தில் எண்ணைப் பார்த்து, “இது அசையவே இல்லையே, நாம் எதையாவது தவறவிடுகிறோமா?” என்று அவரிடமே கேளுங்கள். கூச்சமாகத்தான் இருக்கும்.

அப்புறம் அந்த ஒன்பதாவது கேள்வி. செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் பற்றியது. பூஜ்யம் இல்லாத எந்த விடையையும் அன்றைக்கே வாய்விட்டு, நேரடியாகக் கேட்க வேண்டும். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற பயத்துக்கு ஆய்வுகளில் ஆதாரம் இல்லை. மேற்பார்வையாளருக்கும் அன்றைக்கே சொல்லிவிட வேண்டும். அடுத்த வாரக் கூட்டம்வரை காத்திருக்கக் கூடாது.

வீட்டுப்பாடத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கொடுத்ததை அடுத்த அமர்வில் முதலில் பாருங்கள். இரண்டு முறை பார்க்காமல் விட்டால் மூன்றாம் முறை அவர் செய்துவர மாட்டார், அதில் அவர் தப்பு எதுவும் இல்லை.

மேற்பார்வைக்கு நல்ல பதிவைத் தேர்ந்தெடுத்து எடுத்துப்போவது

மேற்பார்வையில் கேஸை நினைவிலிருந்து சொல்வது பழைய வழக்கம். நினைவு நமக்குச் சாதகமாகவே வேலை செய்யும். பதிவு வேண்டும், அதற்கு வருபவரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும், எப்போது அழிக்கப்படும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். “அவர் சம்மதிக்க மாட்டார்” என்று மாணவர்கள் சொல்லும்போது நான் ஒன்று கேட்பேன்: கேட்டுப் பார்த்தீர்களா? பெரும்பாலும் கேட்டிருக்க மாட்டார்கள்.

பதிவை வெறுமனே நன்றாக இருந்தது, சுமார் என்று பேசாமல் ஒரு அளவுகோலை வைத்துக்கொள்வது நல்லது. எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றும் சிகிச்சையான சிபிடிக்குப் பயன்படும் காக்னிட்டிவ் தெரபி அளவுகோலில் 11 அம்சங்கள், ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து ஆறு, மொத்தம் 66. வழக்கமாக 40-ஐத் தேர்ச்சிக் கோடாக வைப்பார்கள். முதல் பதிவுக்கு 28 வந்தால் முகம் சுருங்கும். எந்த இரண்டு அம்சத்தில் விழுந்தது என்று பார்த்து, அந்த இரண்டை மட்டும் ரோல்-பிளேயில் மூன்று நான்கு தடவை செய்துபாருங்கள். பேசிக்கொண்டே இருப்பதைவிட இது வேகமாக வேலை செய்கிறது.

எந்தப் பகுதியைப் போட்டுக்காட்டுவது என்று குழம்பினால், பதிவைத் தனியாகக் கேட்கும்போது கை தானாக முன்னோக்கி ஓட்டிய இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நிமிடங்களைப் போடுங்கள்.