ஊசி தேய்ந்ததா, தட்டு தேய்ந்ததா? ஸ்டைலஸைச் சோதித்து மாற்றும் முறை

பாட்டில் "ஸ", "ஷ", "ச்ச" வரும் இடங்களில் மட்டும் ஒரு கரகரப்பு. இசைத்தட்டின் வெளி ஓரத்திலுள்ள முதல் பாட்டில் அது இல்லை. லேபிளை ஒட்டிய கடைசிப் பாட்டில் நன்றாகவே கேட்கிறது. ஸ்டைலஸ், அதாவது பிளேயரின் ஊசி, தேய்ந்தால் பெரும்பாலும் இப்படித்தான் தலைகாட்டும். ஆனால் நுனியில் சேர்ந்த அழுக்கும், கோணலாகப் பொருத்திய கார்ட்ரிட்ஜும் (ஊசியைத் தாங்கும் சிறு பெட்டி), முன்பே யாரோ தேய்த்துவிட்ட தட்டும் இதே சத்தத்தைத்தான் தரும். புது ஸ்டைலஸுக்குப் பணம் கட்டுமுன் இந்த மூன்றையும் விலக்கிவிடுங்கள்.

கடைசிப் பாட்டு மட்டும் ஏன் கெடுகிறது? நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில் சுழலும் 12 அங்குல எல்.பி. தட்டில் வெளி ஓரத்து குரூவ் (ஊசி ஓடும் பள்ளம்) ஊசிக்கு அடியில் நொடிக்கு சுமார் 51 சென்டிமீட்டர் ஓடுகிறது. உள் ஓரத்தில் வெறும் 21 தான். அதாவது 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு முழு அலை வெளியே 51 மைக்ரான் நீளத்தில் பதிந்திருக்க, உள்ளே 21 மைக்ரானுக்குள் நெருக்கப்பட்டிருக்கிறது. தேய்ந்து பட்டையான நுனி அந்த நெருக்கமான வளைவுக்குள் நுழைய முடியாமல் மேட்டைச் செதுக்கிக்கொண்டு போகும். காதுக்குக் கரகரப்பு தெளிவாகத் தெரியும் நேரத்தில் சில தட்டுகள் ஏற்கெனவே செதுக்கப்பட்டிருக்கலாம். அதனால் காதை மட்டும் நம்பாமல் மணிக்கணக்கும் வைத்திருங்கள்.

மணிக்கணக்கு

ஆடியோ-டெக்னிகா தன் ஊசிகளுக்கு, நுனியின் வடிவத்தைப் பொறுத்துத் தரும் கணக்கு இது: எலிப்டிகல் (நீள்வட்டம்) 300 மணி, கோனிக்கல் (கூம்பு) 500, ஷிபாட்டா 800, மைக்ரோலீனியர் (மைக்ரோலைன் என்றும் சொல்வார்கள்) 1000. ஆர்டோஃபோன், நல்ல பராமரிப்பில் 1000 மணி வரை வரும் என்கிறது. நிறுவனத்துக்கு நிறுவனம் அளவுகோல் வேறு. எலிப்டிகல் ஊசி 300 மணியைத் தொட்டதும் தூக்கி எறிய வேண்டியதில்லை. அன்றிலிருந்து சந்தேகத்தோடு பார்க்கத் தொடங்கினால் போதும்.

ஒரு பக்கம் 20 நிமிடம் என்றால் தினம் ஒரு எல்.பி. கேட்பவருக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 240 மணி ஆகிறது. வாரம் இரண்டு தட்டு கேட்பவருக்கு 70 மணிதான். ஒரு மணி நேரத்தில் ஊசி குரூவில் சுமார் 1.3 கிலோமீட்டர் இழுபடுகிறது. 500 மணியில் 650 கிலோமீட்டர். பிளேயருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நோட்டில் பக்கத்துக்கு ஒரு கோடு போட்டு வந்தால் கணக்கு தவறாது.

இன்னொரு நல்ல வழி உண்டு. புது ஸ்டைலஸ் பொருத்தி 20, 30 மணி ஓடியபின், சுத்தமான ஒரு தட்டின் கடைசிப் பாட்டில் ஒரு நிமிடத்தைக் கம்ப்யூட்டரில் பதிந்து வையுங்கள். பெண் குரல் பாட்டானால் நல்லது. நூறு மணிக்கு ஒருமுறை அதே இடத்தை அதே லெவலில் பதிந்து இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். மெல்ல மெல்ல வரும் மாற்றம் தினமும் கேட்கும் காதுக்குப் பிடிபடாது, பதிவு காட்டிக்கொடுத்துவிடும்.

முதலில் அழுக்கு

நுனியில் ஒட்டிய தூசியும் பழைய பிசுக்கும் சேர்ந்து இறுகினால் மேல் ஸ்வரங்கள் மங்கும், தேய்ந்த ஊசி போலவே கேட்கும். ஸ்டைலஸ் பிரஷ்ஷால் பின்னாலிருந்து முன்னால் மட்டும் தடவுங்கள், அதாவது டோன் ஆர்மின் (கார்ட்ரிட்ஜைத் தாங்கும் கை) அடியிலிருந்து கார்ட்ரிட்ஜின் முகத்தை நோக்கி. பக்கவாட்டிலோ முன்னிருந்து பின்னாகவோ தடவினால் கான்டிலீவர் (நுனியைத் தாங்கும் மெல்லிய தண்டு) வளையும், சமயத்தில் பிய்ந்தே போகும். விரலால் தட்டுவது வேண்டவே வேண்டாம்.

இறுகிய பிசுக்குக்கு மெலமைன் ஸ்பாஞ்சில் சிறு துண்டு வெட்டி, பிளாட்டர் (தட்டை வைக்கும் சுழல்மேடை) சுழலாமல் நிற்கும்போது அதன்மேல் வைத்து, ஆர்மை ஏற்றி இறக்கும் க்யூயிங் லீவரால் ஊசியை மேலிருந்து நேராக இறக்கி ஏற்றுங்கள். இரண்டு மூன்று முறை போதும். ஊசி ஸ்பாஞ்சில் இருக்கையில் இழுக்கக் கூடாது. ஆல்கஹால் திரவத்தைக் குறைவாகவே பயன்படுத்துங்கள். அது கான்டிலீவர் வழியே ஏறினால் நுனியிலுள்ள வைரத்தைப் பிடித்திருக்கும் பசையும் உள்ளே இருக்கும் ரப்பரும் கெடும்.

அடுத்து எடையும் கோணமும்

ஊசி தட்டில் அழுந்தும் எடையைக் குறைவாக வைத்தால் தட்டு பிழைக்கும் என்பது பரவலான நம்பிக்கை. உண்மை நேர்மாறு. எடை போதாத ஊசி குரூவின் சுவரை விட்டுத் துள்ளித் துள்ளி விழும். அந்த அடிதான் அதிகச் சேதம். நிறுவனம் சொல்லும் எடையில் வையுங்கள். ஆடியோ-டெக்னிகாவின் ஏடி-விஎம்95 வரிசையின் எல்.பி. ஊசிகளுக்கு 2.0 கிராம், ஆர்டோஃபோன் 2எம் ரெட்டுக்கு 1.8, விலை குறைந்த பிளேயர்கள் பலவற்றில் வரும் ஏடி3600எல்லுக்கு 3.5. ஆர்மிலுள்ள டயலை நம்பாமல் 0.01 கிராம் காட்டும் ஸ்டைலஸ் தராசில் பாருங்கள். தராசின் தட்டு காந்தம் ஒட்டாத உலோகமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கார்ட்ரிட்ஜின் காந்தம் இழுத்துத் தப்பான எண்ணைக் காட்டும்.

வலது சேனலில் மட்டும் கரகரப்பு என்றால் முதலில் ஆன்டி-ஸ்கேட்டிங்கை (ஆர்ம் உள்பக்கம் இழுபடுவதைச் சரிக்கட்டும் அமைப்பு) பாருங்கள். ஆர்ம் இயல்பாகவே நடுப்பக்கம் இழுபடும். அந்த இழுப்பைச் சரிக்கட்டாவிட்டால் ஊசி இடது சேனல் பதிந்த உள் சுவரில் அழுந்தி, வலது சேனலின் வெளி சுவரில் பிடி விடும். இப்படியே பல மாதம் ஓடினால் வைரமும் ஒரு பக்கமாகத் தேயும்.

கார்ட்ரிட்ஜ் கோணத்துக்கு கோடுகள் அச்சிட்ட ஒரு புரோட்ராக்டர் தாள் போதும். பேர்வால்ட் முறையில் நடு அச்சிலிருந்து 66.0, 120.9 மில்லிமீட்டர் தூரத்திலுள்ள இரு புள்ளிகளிலும் கான்டிலீவர் தாளிலுள்ள கோட்டுக்கு இணையாக நிற்க வேண்டும். பார்க்க வேண்டியது கான்டிலீவரை; கார்ட்ரிட்ஜின் பக்கச் சுவரை வைத்துக் கணித்தால் ஏமாறலாம். டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 வைத்திருப்பவர்கள் ஹெட்ஷெல்லின் (கார்ட்ரிட்ஜைப் பொருத்தும் ஆர்மின் முனை) ரப்பர் வளையத்திலிருந்து ஊசி நுனி வரை 52 மில்லிமீட்டர் என்ற நிறுவனத்தின் அளவையே பின்பற்றலாம்.

தட்டின் மேல் சந்தேகம்

வேறு இரண்டு மூன்று சுத்தமான தட்டுகள் கடைசிப் பாட்டு வரை நன்றாகப் பாடினால் குற்றவாளி ஊசி அல்ல, அந்தத் தட்டு. பழைய தமிழ்ப் படப் பாட்டுத் தட்டுகளில் இது மிகச் சாதாரணம். எச்.எம்.வி. ஃபியஸ்டா போன்ற பெட்டிப் பிளேயர்களின் செராமிக் கார்ட்ரிட்ஜ்கள் இன்றைய ஊசிகளைவிடப் பல மடங்கு எடையில் அழுந்தியவை. ஊசியை மாற்றாமல் வருஷக்கணக்கில் ஓட்டிய வீடுகளும் ஏராளம். தட்டு பளபளப்பாக இருப்பதை வைத்து ஏமாறாதீர்கள். செதுக்கப்பட்ட குரூவ் திரும்ப வளராது. ஒரே ஒரு நம்பிக்கை உண்டு: பழைய கோனிக்கல் ஊசி சுவரில் ஓரிடத்தைத் தேய்த்திருக்க, மைக்ரோலைன், ஷிபாட்டா ஊசிகள் அதற்கு மேலும் கீழும் தேயாமல் மிஞ்சிய பகுதியைத் தொடும். சில தட்டுகள் இதில் ஆச்சரியமாகத் தெளியும். சில இன்னும் மோசமாகக் கேட்கும். போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

மைக்ராஸ்கோப்பில் பார்க்கும்போது

உண்மையான 200 மடங்கு பெரிதாக்கம் வேண்டும். பெட்டியில் 1000 என்று அச்சிட்ட மலிவான யூஎஸ்பி மைக்ராஸ்கோப் பல அவ்வளவு தராது. ஸ்டைலஸைக் கழற்றி, பிளாஸ்டிக் பகுதியை மட்டும் ஒட்டுக்களிமண்ணில் பொருத்தி, நுனி மேலே பார்க்க வையுங்கள். வெளிச்சம் இடமும் வலமும் தாழ்வான கோணத்தில் விழ வேண்டும். தேயாத கோனிக்கல் நுனியில் சின்னப் புள்ளியாக ஒளி மின்னும், விளக்கை அசைத்தால் புள்ளியும் வழுக்கிக்கொண்டு நகரும். தேய்ந்ததில் இரு பக்கமும் கண்ணாடித் துண்டு போல இரு பட்டைகள் தெரியும், ஒரு கோணத்தில் சட்டென்று ஒளிர்ந்து மறையும். பட்டையின் விளிம்பு கூர்மையாகத் தெரிந்தால் அதை இனி எந்தத் தட்டிலும் வைக்காதீர்கள். ஒரு பக்கப் பட்டை மட்டும் பெரிதென்றால், புது ஊசி போடுமுன் ஆன்டி-ஸ்கேட்டிங்கையும் கார்ட்ரிட்ஜின் சாய்வையும் திருத்துங்கள்.

எச்சரிக்கை: மைக்ரோலைன், ஷிபாட்டா வகைகளில் தயாரிக்கும்போதே பட்டை தீட்டப்பட்டிருக்கும். அதைப் பார்த்துத் தேய்மானம் என்று பதறுபவர்கள் உண்டு. இந்த ஊசிகளைப் புதிதாக இருக்கையிலேயே ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வைரம் நன்றாக இருந்தும் ஊசி போயிருக்கலாம். கான்டிலீவரைத் தாங்கும் ரப்பர் வயதாலும் வெயிலாலும் இறுகும், சிலவற்றில் தொய்ந்து கார்ட்ரிட்ஜின் வயிறே தட்டில் உரசும். எண்பதுகளில் தயாரித்துப் பிரிக்காத பெட்டியில் கிடைக்கும் ஸ்டைலஸை வாங்கத் தயங்க வேண்டியது இதனால்தான்.

மாற்றுதல்

ஊசியோடு காந்தம் அசையும் மூவிங் மேக்னட் வகையில் ஸ்டைலஸ் மட்டும் கழலும். ஆர்மை அதன் தாங்கியில் பூட்டி, ஆம்ப்ளிஃபயர் ஒலியைக் குறைத்து, ஹெட்ஷெல் கழலுமானால் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். 2எம் ரெட்டில் முன்னோக்கி நேராக இழுக்க வேண்டும்; வேறு சிலவற்றில் கீழ்நோக்கிச் சாய்த்து எடுக்க வேண்டும். கட்டாயப்படுத்தினால் உள்ளே இருக்கும் முனைகள் வளையும். பொருத்தியபின் எடையை மறுபடி தராசில் பாருங்கள்.

ஏடி-விஎம்95 உடலில் அந்த வரிசையின் எந்த ஸ்டைலஸும் பொருந்தும். 2எம் ரெட்டின் உடலில் 2எம் ப்ளூவின் ஸ்டைலஸும் உட்காரும். வாங்கும்போது விலையை மணிக்கணக்கால் வகுத்துப் பாருங்கள். 300 மணி எலிப்டிகலைவிட 1000 மணி மைக்ரோலைன் கையைக் கடிக்காது என்று பல சமயம் தெரியவரும். ஷூர் 2018இல் கார்ட்ரிட்ஜ் தயாரிப்பை நிறுத்திவிட்டது. பழைய ஷூர் உடல் இருந்தால் ஜப்பானின் ஜிகோ போன்ற நிறுவனங்களின் மாற்று ஊசியைத் தேடலாம்.

டெனான் டிஎல்-103 போன்ற, ஊசியோடு கம்பிச் சுருள் அசையும் மூவிங் காயில் வகையில் ஊசியை வீட்டில் மாற்ற முடியாது. முழுக் கார்ட்ரிட்ஜையும் மாற்ற வேண்டும், அல்லது ரீடிப் செய்பவர்களிடம், அதாவது புது நுனி பொருத்தித் தருபவர்களிடம், அனுப்ப வேண்டும். அப்போது கார்ட்ரிட்ஜையே கழற்ற நேரும். பின்னால் உள்ள நான்கு ஒயர்கள்: வெள்ளை இடது பாசிட்டிவ், நீலம் இடது நெகட்டிவ், சிவப்பு வலது பாசிட்டிவ், பச்சை வலது நெகட்டிவ். கிளிப்பை உலோகப் பகுதியில் பிடித்துக் கழற்றுங்கள். ஒயரை இழுத்தால் அறுந்துவிடும்.

78 தட்டுகள்

நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் பழைய அரக்குத் தட்டின் குரூவ் அகலமானது. அதற்கு 3 மில், அதாவது 75 மைக்ரான் அளவு நுனி வேண்டும், எல்.பி. ஊசி 15 முதல் 18 மைக்ரான்தான். எல்.பி. ஊசியை வைத்தால் அது குரூவின் அடியில் உரசிக்கொண்டு ஓடும், பாட்டைவிட இரைச்சல் மிகும். அரக்கில் கலந்த கல்தூள் வைரத்தையும் வேகமாகத் தேய்க்கும். இந்தத் தட்டுகளை ஆல்கஹால் கலந்த திரவத்தால் துடைக்காதீர்கள், அரக்கு கரைந்துவிடும். விஎம்95 வரிசையில் 78க்கென்றே எஸ்பி ஸ்டைலஸ் உண்டு. அதற்கு 5 கிராம் அளவு எடை வேண்டும் என்பதால் உங்கள் ஆர்ம் அவ்வளவு தாங்குமா என்று முதலில் பாருங்கள். அடுத்து எல்.பி. போடும்போது ஊசியோடு எடையையும் 2 கிராமுக்கு இறக்கியாக வேண்டும்.