வாலிபர் ஐக்கியச் செயலாளர் ஆகிவிட்டீர்களா? அட்வெந்து நான்கு வாரத்தையும் நடத்துவது இப்படித்தான்

சபைக் கூட்டம் முடிந்து வெளியே வரும்போது யாராவது தோளில் கையைப் போட்டு, “இந்த வருஷம் டிசம்பர் வேலையெல்லாம் நீதான்டே பாக்கணும்” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தால், இந்தப் பதிவு உங்களுக்குத்தான். திருநெல்வேலிப் பக்கம் நூறு குடும்பம்கூட இல்லாத ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் சில வருஷம் இந்த வேலையைப் பார்த்தவன் நான். பட்டணத்துப் பெரிய ஆலயங்களுக்கு இதில் பாதி பொருந்தாது. ஊர்ச் சபைக்குப் பொருந்தும்.

முதல் வருஷம் நாங்கள் செய்தது என்ன தெரியுமா? டிசம்பர் 1-ஆம் தேதியே மரம், நட்சத்திரம், குடில், கிறிஸ்துமஸ் தாத்தா, பாட்டு எல்லாவற்றையும் இறக்கிவிட்டோம். 20-ஆம் தேதி வந்தபோது பாடகர் குழுவில் பாதிப் பேருக்குத் தொண்டை கட்டியிருந்தது. பண்டிகை அன்று காலை ஆராதனையில் வாலிபர்கள் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். கிறிஸ்துமஸுக்குக் காத்திருக்கும் முந்தைய நான்கு வாரம்தான் அட்வெந்து, அந்தச் சொல்லுக்கு இலத்தீனில் ‘வருகை’ என்று பொருள். கத்தோலிக்கர்கள் திருவருகைக் காலம் என்றே அழகாகச் சொல்கிறார்கள். வருகிறவர் வருவதற்குள் விருந்தைச் சாப்பிட்டு முடித்தவர்கள் மாதிரி ஆகிவிட்டோம். அதற்கப்புறம் ஒரே விதி வைத்துக்கொண்டோம்: வாரத்துக்கு ஒன்றுதான் புதிதாக வரும்.

படி 1: காலண்டரில் கோடு போடுங்கள்

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகள்தான் கணக்கு. பின்னாலிருந்து எண்ணினால் தவறாது. முதல் ஞாயிறு எப்போதும் நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் நடுவில் விழும். 2026-இல் நவம்பர் 29, டிசம்பர் 6, 13, 20. இது வசதியான வருஷம், கடைசி ஞாயிறுக்கும் பண்டிகைக்கும் நடுவில் நான்கு நாள் கிடைக்கிறது. 2023 மாதிரி வந்தால் நான்காம் ஞாயிறே டிசம்பர் 24-ஆக இருக்கும். காலையில் அட்வெந்து ஆராதனை, ராத்திரி கிறிஸ்துமஸ் ஆராதனை என்று ஆலயத்தை ஒரே நாளில் இரண்டு தடவை ஒழுங்குபடுத்த வேண்டும். அதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் சண்டை வராது.

அதே காலண்டரில் பள்ளிக்கூட அரையாண்டுத் தேர்வையும் குறியுங்கள். நம் பாடகர் குழுவில் பாதிப் பேர் பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கிற பிள்ளைகள். தேர்வு வாரத்தில் ஒத்திகை வைத்தால் பிள்ளை வராது, பிள்ளையின் அம்மா வருவார்கள்.

படி 2: ஐயரிடம் போங்கள், கையில் ஒரு தாளோடு

எங்கள் ஊரில் குருவானவரை ஐயர் என்றுதான் சொல்வோம். ஒரு சேகரத்தில் பல சபைகள் இருக்கும். ஐயர் எல்லா ஞாயிறும் உங்கள் ஊருக்கு வர முடியாது, மற்ற வாரங்களில் சபை ஊழியர்தான் ஆராதனை நடத்துவார். எந்த ஞாயிறு திருவிருந்து (அப்பமும் ரசமும் பகிர்வது), எந்த ஞாயிறு யார் பிரசங்கம் என்பதை நவம்பர் முதல் வாரமே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வேத பாடம் எது, பீடத்துக்கு ஊதாத் துணியா என்பதையும் அவரிடமே கேளுங்கள். நாமாக முடிவு செய்கிற விஷயம் இல்லை இது. பல சபைகளின் வாசக அட்டவணையில் முதல் ஞாயிறு கிறிஸ்துவின் இரண்டாம் வருகையைப் பற்றி இருக்கும், நடுவில் யோவான் ஸ்நானகன் வருவார், மரியாளும் யோசேப்பும் கடைசியில்தான் வருவார்கள். மாட்டுத்தொழுவத்தை முதல் வாரமே கொண்டுவந்து வைத்தால் பிரசங்கம் ஒரு பக்கமும் அலங்காரம் ஒரு பக்கமும் இழுக்கும்.

படி 3: வளையம் செய்வது

இதில் கொஞ்சம் நிதானிக்கிறேன். ஏனென்றால் முப்பது பேரை ஒரு சனிக்கிழமை மாலை ஒன்றாக உட்கார வைப்பது இந்த வேலைதான்.

பச்சைத் தழை சுற்றிய வளையத்தில் நான்கு மெழுகுவர்த்தி நட்டு, ஞாயிறுக்கு ஒன்று கூடுதலாக ஏற்றிக்கொண்டே போவதுதான் அட்வெந்து வளையம். இது ஜெர்மனியில் பிறந்தது. ஹாம்பர்க் நகரில் ஏழைப் பிள்ளைகளுக்காக ஒரு விடுதி நடத்திய யோஹான் ஹின்ரிக் விகெர்ன் என்ற லுத்தரன் போதகர், “பண்டிகைக்கு இன்னும் எத்தனை நாள்?” என்று பிள்ளைகள் நச்சரித்ததால், 1839-இல் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தில் மெழுகுவர்த்திகளை நட்டுத் தொங்கவிட்டாராம். வார நாள்களுக்குச் சிறியது, ஞாயிறுகளுக்குப் பெரிய வெள்ளை. பிற்பாடு நான்கு ஞாயிறு வர்த்திகள் மட்டும் நிலைத்தன. இந்தக் கதையை ஓய்வுநாள் பள்ளிப் (ஞாயிறு வேத வகுப்பு) பிள்ளைகளிடம் சொல்லுங்கள், உடனே யார் வீட்டில் சக்கரம் இருக்கிறது என்று தேடக் கிளம்பிவிடுவார்கள்.

வண்டிச் சக்கரம் வேண்டாம், சைக்கிள் ரிம் போதும். சின்னப் பிள்ளைகள் ஓட்டும் 20 அங்குலச் சைக்கிளின் ரிம், கம்பிகளைக் கழற்றியது, பழுது பார்க்கும் கடையில் கேட்டாலே தருவார்கள். துருவை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடுங்கள். நான்கு தேங்காய்ச் சிரட்டைகளை எடுத்து விளிம்புக்குக் கீழே இரண்டு ஓட்டை போட்டு, கட்டுக்கம்பியை அதில் நுழைத்து, ரிம்மில் ஏற்கனவே இருக்கிற கம்பித் துளைகள் வழியாக இழுத்து முறுக்குங்கள். அந்தத் துளைகள் இருப்பதால்தான் நான் ரிம்மை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன், வேறு எந்த வளையத்திலும் சிரட்டை இவ்வளவு ஆடாமல் நிற்காது. சிரட்டையில் ஈர மணலை அழுத்தி நிரப்பி, அதில் மெழுகுவர்த்தியை இரண்டு விரற்கடை ஆழம் இறக்குங்கள். மணல் காய்ந்தால் வர்த்தி சாயும். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு கை தண்ணீர் தெளிக்க வேண்டும்.

மேலே சுற்றப் பச்சை வேண்டும். நம் பக்கம் சவுக்குத் தழைதான் சரி. கிறிஸ்துமஸ் மரத்துக்கே சவுக்கை வெட்டுகிற ஊர் நம்முடையது. ஒரு வருஷம் தழை கிடைக்காமல் ஒரு தம்பி வேப்பிலையை அள்ளிக்கொண்டு வர, முன் வரிசைப் பாட்டி பார்த்துவிட்டு, “என்னடே, கோயில் கொடையா?” என்றார்கள். கொடை என்றால் எங்கள் பக்கம் அம்மன் கோயில் திருவிழா, வேப்பிலை அங்கேதான். சிரிப்பு அடங்கப் பத்து நிமிஷம் ஆனது. சவுக்கு ஆறேழு நாளில் காய்ந்து பொரியும். காய்ந்த சவுக்கு பக்கத்தில் தீ என்றால் பெட்ரோல் மாதிரி. அதனால் வாரா வாரம் புதுத்தழை, சிரட்டையைச் சுற்றி நான்கு விரல் இடம் காலி, மேசைக்கு அடியில் ஒரு வாளித் தண்ணீர். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

மெழுகுவர்த்தி வாங்கும்போது ஒரு கணக்கு. முதல் வர்த்தி நான்கு ஞாயிறும் எரிய வேண்டும். ஆராதனை ஒன்றரை மணி நேரம் என்றால் ஆறு மணி நேரம். கரண்ட் போனால் ஏற்றுகிற ஒல்லி வர்த்தி தாங்காது. இரண்டு விரல் தடிமனாவது வேண்டும். மூன்று ஊதா, ஒன்று ரோஜா நிறம், நடுவில் பண்டிகைக்கு வெள்ளை. ரோஜா நிறம் மூன்றாம் ஞாயிறுக்கு, அது சந்தோஷத்தின் ஞாயிறு. கலர் வர்த்தி ஊரில் கிடைக்காவிட்டால் ஐந்தும் வெள்ளையாக வைத்து, சிரட்டையில் கலர் ரிப்பன் கட்டுங்கள். வர்த்தியில் கட்டாதீர்கள், எரிந்து இறங்கும்போது ரிப்பன் பற்றிக்கொள்ளும்.

படி 4: ஏற்றுகிற ஒழுங்கு

ஆராதனை தொடங்கும்முன் ஒரு குடும்பம் முன்னால் வரும். ஒருவர் வசனம் வாசிப்பார், ஒருவர் ஏற்றுவார், சின்னவர் ஒரு வரி ஜெபிப்பார். மூன்று நிமிஷம் போதும். நம்பிக்கை, சமாதானம், சந்தோஷம், அன்பு என்ற வரிசையை நாங்கள் பின்பற்றுகிறோம். ஏசாயா 9, மீகா 5, லூக்கா 1 என்று வாசிக்க நிறைய இருக்கிறது. குடும்பத்தைத் தேர்ந்தெடுப்பதில் கொஞ்சம் யோசியுங்கள். கமிட்டி உறுப்பினர் வீடுகளையே கூப்பிட்டால் பின்வரிசை முணுமுணுக்கும். நாங்கள் ஒரு வருஷம் தனியாக இருக்கிற வயதான ஒரு அம்மாவை அழைத்தோம். “குடும்பம்னு கூப்பிட்டிய, எனக்கு யாரு இருக்கா?” என்றார்கள். ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் நான்கு பேர் அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

தலைக்கு மேல் ஓடும் மின்விசிறியை நிறுத்த மறந்துவிடாதீர்கள். ஸ்விட்ச் பக்கத்தில் ஓர் ஆளை நிறுத்தினால் நல்லது.

படி 5: கீத பவனி

வீடு வீடாகப் பாடிப் போவது. அதிகாலைப் பஜனையாகப் போகிற ஊர்களும் உண்டு. முதல் இரண்டு வாரம் ஒத்திகை மட்டும், பவனி மூன்றாம் ஞாயிறுக்குப் பிறகு. இரண்டு பாமாலைப் பாட்டு (மேல்நாட்டு மெட்டு), இரண்டு கீர்த்தனை (நம்மூர் ராகம்), பிள்ளைகளுக்கு ஒரு துள்ளல் பாட்டு, ஐந்து போதும். இருபது பாட்டு பழகி ஒன்றுமே உருப்படாமல் போவதைவிட இது மேல்.

நேரத்தைக் கணக்குப் போடுங்கள். ஒரு வீட்டுக்கு இரண்டு பாட்டு, ஒரு வசனம், ஒரு ஜெபம், எட்டு நிமிஷம். நடக்க இரண்டு நிமிஷம். மாலை 6 மணி முதல் 9.30 வரை என்றால் 21 வீடு. எண்பது வீட்டுக்கு நான்கு ராத்திரி வேண்டும். “ஒரே ராத்திரியில் முடிச்சிரலாம்ணே” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், கடைசி முப்பது வீட்டுக்காரர்கள் தூக்கக் கலக்கத்தில் கதவைத் திறப்பார்கள். ஒலிபெருக்கி கொண்டுபோனால், 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை போடக்கூடாது. என்னைக் கேட்டால் ஒலிபெருக்கியே வேண்டாம். ஒரு டோலக், ஒரு தம்பூரின், இருபது குரல். தெருமுனையில் வரும்போதே கேட்கும்.

எந்த வீட்டையும் தாண்டாதீர்கள். ஆனால் அந்த வருஷம் இறப்பு நடந்த வீடுகளை முன்னதாகவே பட்டியல் எடுத்து, பகலில் இரண்டு பேர் போய்க் கேட்டுவிட்டு வாருங்கள். அந்த வீடுகளில் நட்சத்திரம் கட்டியிருக்க மாட்டார்கள். சிலர் வேண்டாம் என்பார்கள், விட்டுவிடுங்கள். சிலர், “வாங்க, ஆனா கொட்டு வேண்டாம்” என்பார்கள். கிறிஸ்துமஸ் தாத்தா வேஷக்காரரைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு, மெதுவாக ஒரு பாட்டு. என் அனுபவத்தில் பவனியின் நல்ல பாட்டு அந்த வீட்டில்தான் வரும்.

காணிக்கை விஷயத்தில் ஒரு நோட்டு, இரண்டு ஆள். வாங்குகிறவர் ஒருவர், எழுதுகிறவர் ஒருவர். அன்றன்று ராத்திரியே எண்ணி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, பொருளாளரிடம் கொடுத்துவிடுங்கள். காலையில் கொடுக்கலாம் என்று வைத்த பணத்தால் வந்த மனஸ்தாபம் எனக்கு நன்றாகத் தெரியும்.

அப்புறம் மழை. டிசம்பர் என்றால் நமக்கு வடகிழக்குப் பருவமழை. ஒரு நாளாவது உபரி வைத்துக்கொள்ளுங்கள். 2023-இல் மூன்றாம் ஞாயிறு, டிசம்பர் 17. ரோஜா வர்த்தியை ஏற்ற ஆலயத்தில் பத்துப் பன்னிரண்டு பேர்தான் இருந்தோம். அன்றும் மறுநாளும் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் பெய்தது உங்களுக்கே நினைவிருக்கும், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர். அந்த வருஷம் பவனி போகவில்லை. வாத்தியம் வாங்கச் சேர்த்திருந்த பணம் அரிசியாகவும் பாயாகவும் போனது. டோலக் இன்னும் பழையதுதான்.

படி 6: நடு வாரங்களில் வாலிபர்களுக்கு

கிறிஸ்மாம்–கிறிஸ்சைல்ட் விளையாட்டுக்குப் பெரிய செலவில்லை. முதல் ஞாயிறு சீட்டுக் குலுக்குங்கள். யார் பெயர் வந்ததோ அவருக்கு மூன்று வாரம் ரகசியமாகச் சின்னச் சின்ன நன்மைகள் செய்ய வேண்டும், கடைசியில் யாரென்று காட்டிக்கொள்ள வேண்டும். பரிசுக்கு 50 ரூபாய் என்று வரம்பு வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் வசதி உள்ள வீட்டுப் பிள்ளை வாட்ச் கொடுக்கும், அடுத்த பிள்ளை கூட்டத்துக்கே வராது.

முதியோர் இல்லத்துக்குப் போவதாக இருந்தால் முதலில் போன் செய்து என்ன தேவை என்று கேளுங்கள். டிசம்பரில் எல்லாரும் கேக்கோடு போகிறார்கள், அங்கே பலருக்குச் சர்க்கரை. நாங்கள் கேட்டபோது சொன்னது போர்வையும் குளியல் சோப்பும்.

குடிலுக்குக் கேழ்வரகு முளைக்க வையுங்கள். பண்டிகைக்கு ஒரு வாரம் முன் தட்டில் மண் பரப்பித் தூவினால், 24-ஆம் தேதி பச்சைப் புல்வெளி தயார். பிள்ளைகள் தினமும் வந்து தண்ணீர் தெளித்துவிட்டு எட்டிப்பார்ப்பார்கள். குழந்தை இயேசுவை மட்டும் 24 ராத்திரி வரை வைக்க வேண்டாம். காலித் தொட்டிலைப் பார்த்து, “எங்க அண்ணே பாப்பா?” என்று ஒரு பிள்ளை கேட்டே தீரும்.

படி 7: கீத ஆராதனை

நான்காம் ஞாயிறு மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது வேத வாசகம், நடுநடுவே பாட்டு என்ற ஒழுங்கு 1880-இல் இங்கிலாந்தின் ட்ரூரோவில் தொடங்கி, 1918 முதல் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் புகழ்பெற்றது. ஆதியாகமத்தில் ஆதாம் ஒளிந்துகொள்வதில் தொடங்கி யோவான் முதல் அதிகாரத்தில் முடியும். ஒன்பது நமக்கு நீளம் என்றால் ஆறாகக் குறையுங்கள். வாசிப்பவர்களைக் கலந்து போடுங்கள்: ஒரு சிறுமி, ஒரு விவசாயி, ஒரு ஆசிரியை, ஐயர் கடைசி. எல்லாரையும் ஒரு நாள் மைக் முன்னால் நிறுத்திச் சத்தமாக வாசிக்க வையுங்கள். லூக்கா இரண்டில் ‘சிரேனியு’ என்ற பெயரில் தடுக்கி விழாத ஆளை நான் பார்த்ததில்லை.

முடிந்ததும் எல்லாருக்கும் சாப்பாடு, எங்கள் சொல்லில் அசனம். பெண்கள் ஐக்கியத்தாரிடம் சமையலை மொத்தமாகத் தள்ளிவிட்டு வாலிபர்கள் கீபோர்டைச் சுற்றி நிற்கிற பழக்கத்தை நிறுத்துங்கள். வெங்காயம் உரிப்பது, பந்தி பரிமாறுவது, பாத்திரம் கழுவுவது வாலிபர் பொறுப்பு.

24-ஆம் தேதி ராத்திரி

நடு வெள்ளை வர்த்தியை ஏற்றுவது, குழந்தையைக் குடிலில் வைப்பது, இவ்வளவுதான் நம் வேலை. மற்றதை ஐயர் பார்த்துக்கொள்வார்.

பண்டிகை முடிந்ததும் தழையைக் குப்பையில் போடுங்கள், மிச்ச வர்த்திகளைச் சபை ஊழியர் வீட்டில் கொடுங்கள், கரண்ட் போகும்போது உதவும். ரிம்மை மட்டும் வெஸ்ட்ரியில் (ஆலயத்தை ஒட்டிய அறை) விடாதீர்கள், உங்கள் வீட்டுக்கு எடுத்துப் போங்கள். எங்கள் முதல் ரிம், ஜனவரியில் ஆலயத்தைச் சுத்தம் செய்தவர்கள் கையால் பழைய இரும்புக்குப் போய், பதிலுக்கு இரண்டு பிளாஸ்டிக் கோப்பை வந்தது.